பொலோஞா நகரத்துப் பழைய ஓர்கன்



பல ஆண்டுகளுக்கு முன் நான் அதிபராகப் பணியாற்றிய ஒரு கிராமப் பாடசாலையில், காலால் மிதித்து வாசிக்கும் ஆர்மோனியப் பெட்டி ஒன்று இருந்தது. இரண்டு தலைமுறைப் பிள்ளைகள் அதன் சுருதியைக் கேட்டே தேவாரம் பாடிப் பழகியவர்கள். துருத்தியின் தோல் கிழிந்து, சில கட்டைகள் ஊமையாகிவிட்டமையால், அதனைத் திருத்த வேண்டுமென்று நானே முன்னின்று பெற்றோரிடம் பணம் சேர்த்தேன். மூன்று மாதங்களின் பின் பெட்டி திரும்பி வந்தபோது மரம் பளபளத்தது. கட்டைகள் யாவும் பேசின. ஆயினும், எங்கள் சங்கீத ஆசிரியை நாலைந்து சுரங்களை வாசித்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார். "ஐயா, இது நல்லாய்த்தான் இருக்குது. ஆனால் இது எங்கட பெட்டி இல்லை" என்றார்.

உள்ளே இருந்த பழைய பித்தளை நாக்குகள் அனைத்தையும் கழற்றிவிட்டுப் புதியவற்றைப் பூட்டியிருந்தார்கள் என்பது விசாரித்த பின்னரே தெரியவந்தது. கழற்றியவை எங்கே என்று கேட்டோம். பழைய இரும்பு, பித்தளை வாங்குபவரிடம் அவை போய்விட்டன. திருத்தியவர்மீது குறை சொல்வதற்கில்லை. திருத்தித் தாருங்கள் என்று மட்டுமே நாம் சொன்னோம். எதனை மாற்றாமல் வைத்திருக்க வேண்டும் என்று சொல்லவில்லை. சொல்வதற்கு எமக்கும் அன்று தெரியவில்லை.

இச்சிறு நிகழ்ச்சி என் மனத்தில் நெடுநாள் உறுத்திக்கொண்டிருந்தது. பழைய இசைக்கருவி ஒன்றைத் திருத்துவோர் எதனைக் காக்க வேண்டும், எதனை மாற்றலாம் என்ற கேள்விக்கு விடை தேடி நூல்களைப் புரட்டியபோதுதான், இத்தாலி நாட்டிலே பொலோஞா என்னும் நகரத்தில் உள்ள ஒரு பழைய ஓர்கனின் வரலாறு எனக்கு அறிமுகமாயிற்று. ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட அக்கருவியைப் பற்றியே இன்று பேச விரும்புகின்றேன்.

முதலில், ஓர்கன் என்பது என்ன என்று பார்ப்போம். ஆர்மோனியத்திற் காற்றானது பித்தளை நாக்குகளை அசைத்து ஒலி எழுப்புகின்றது. ஓர்கனிலோ சுரத்துக்கு ஒரு குழலாக நூற்றுக்கணக்கான குழல்கள் நிற்கும். ஈயமும் வெள்ளீயமும் கலந்த உலோகத்தாற் செய்த குழல்களும் உண்டு. மரத்தாற் செய்தவையும் உண்டு. துருத்தி அனுப்பும் காற்று ஒரு மரப்பெட்டியினுள் வந்து நிறையும். அப்பெட்டியின் மேற்பலகையில் குழல்கள் வரிசை வரிசையாக நிறுத்தப்பட்டிருக்கும். வாசிப்பவர் ஒரு கட்டையை அழுத்தும்போது, மெல்லிய மரக்கோல்களும் கம்பிகளும் அவ்வசைவைக் கொண்டு சென்று காற்றுப்பெட்டியில் உள்ள சிறு கதவு ஒன்றைத் திறக்கும். காற்றுக் குழலினுட் புகும், குழல் பாடும். எங்கள் புல்லாங்குழலில் வாயும் விரலும் செய்யும் வேலையை இங்கே துருத்தியும் கதவும் செய்கின்றன எனலாம்.

இக்கருவி கிறித்தவ ஆலயங்களிலே பிறந்ததன்று. கி. மு. 3ஆம் நூற்றாண்டில், எகிப்து நாட்டு அலெக்சாந்திரியா நகரத்தில் வாழ்ந்த தெசிபியஸ் என்ற கிரேக்கப் பொறியியலறிஞரே இதனை முதலில் அமைத்தவர். நீரின் எடையைக் கொண்டு காற்றின் அழுத்தத்தை அவர் சீராக்கினார். உரோமர் தம் விளையாட்டரங்குகளில் இதனை முழக்கினர். கி. பி. 757ஆம் ஆண்டிலே, கீழை உரோமப் பேரரசர் ஓர்கன் ஒன்றைப் பிராங்கியரின் அரசனாகிய பெப்பினுக்குப் பரிசாக அனுப்பினார். அதன் பின்னரே மேலை ஐரோப்பாவில் இக்கருவி படிப்படியாகப் பரவி, ஆலயங்களினுள் இடம் பெற்றது.

ஒரே கருவியாயினும், நாட்டுக்கு நாடு அதன் உருவமும் குரலும் வேறுபட்டன. ஜேர்மனியிலும் ஒல்லாந்திலும் இரண்டு, மூன்று விசைப்பலகைகளும், காலால் வாசிக்கும் பெரிய பலகையும் கொண்ட கருவிகள் வளர்ந்தன. இத்தாலியரோ பெரும்பாலும் ஒரே விசைப்பலகையுடன் நிறைவு கண்டனர். காற்றின் அழுத்தத்தையும் குறைவாகவே வைத்தனர். ஆதலால், இத்தாலிய ஓர்கனின் குரல் அதட்டும் குரலன்று. பாடுகின்ற மனிதரின் குரலுக்கு அண்மையான மென்மை அதற்கு உண்டு.

அதன் குழல் வரிசைகளின் ஒழுங்கும் கவனிக்கத்தக்கது. முதலில் அடிப்படை வரிசை ஒன்று. அதனை ஆதார ஷட்ஜமாகக் கொண்டால், அடுத்த வரிசை மேல் ஷட்ஜம். அதற்கு மேலே பஞ்சமம். பின்னும் மேலே ஷட்ஜம். மீண்டும் பஞ்சமம் என்று படிப்படியாக ஏறிச் செல்லும். ஒவ்வொரு வரிசைக்கும் தனித்தனி இழுப்புக் கோல் உண்டு. வேண்டியவற்றை மட்டும் திறந்து வாசிக்கலாம். எல்லாவற்றையும் திறந்தால் ஒளிமிக்க நிறைந்த நாதம் எழும். இந்நிறைநாதத்தை இத்தாலியர் "ரிப்பியேனோ" என்பர். நன்றாகச் சுருதி சேர்ந்த தம்புராவை மீட்டி, அதன் அருகிற் காதை வைத்துக் கேட்டவர்களுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. ஒரு தந்தியிலிருந்தே மேலும் மேலும் சுரங்கள் கிளம்புவதை அவர்கள் கேட்டிருப்பார்கள். தம்புராவிலே தானாக எழுவதை, இத்தாலியக் கலைஞர் குழல்களை அடுக்கி எழுப்பினர்.

பிரெசியா நகரத்து அந்தெஞாத்தி குடும்பத்தினர் இக்கலையிற் பல தலைமுறைகளாகப் புகழ் பெற்றவர்கள். அக்குடும்பத்தைச் சேர்ந்த கொஸ்தான்சோ என்பவர் 1608ஆம் ஆண்டில் ஒரு சிறு நூல் வெளியிட்டார். எந்த வரிசையை எதனோடு சேர்த்து, எவ்வேளையில் வாசிக்க வேண்டும் என்று அதில் அவர் எழுதி வைத்தார். பழைய கருவிகளை மீட்டெடுக்க முனைந்த பிற்காலத்தவருக்கு அந்நூல் ஒரு கைவிளக்காயிற்று.

இனிப் பொலோஞாவுக்கு வருவோம். அந்நகரின் நடுவே, பெரிய சதுக்கத்தைப் பார்த்தபடி, சான் பெத்ரோனியோ என்னும் பேராலயம் நிற்கின்றது. அதன் கட்டட வேலை 1390ஆம் ஆண்டில் தொடங்கியது. நீளம் ஏறத்தாழ 132 மீற்றர். முகப்பின் மேற்பாதி இன்றுவரை சலவைக்கல் பதிக்கப்படாமல் வெறுஞ் செங்கல்லாகவே இருக்கின்றது. உள்ளே ஒருவர் பாடி நிறுத்தினால், அவ்வொலி முற்றாக அடங்குவதற்குப் பத்து விநாடிக்கு மேற் செல்லும்.

இவ்வாலயத்துக்காக லொரென்சோ தா பிராத்தோ என்ற கைவினைஞர் 1471ஆம் ஆண்டு தொடங்கி 1475ஆம் ஆண்டிலே ஓர்கன் ஒன்றைச் செய்து முடித்தார். அதன் முன்வரிசைப் பெருங்குழல்கள் 24 அடி அளவையைச் சேர்ந்தவை. கொலம்பசு மேற்றிசைக் கடலிற் புறப்படுவதற்குப் பதினேழு ஆண்டுகளுக்கு முன்னரே இக்குழல்கள் பாடிக்கொண்டிருந்தன என்று நினைத்துப் பார்த்தால், இதன் பழைமை ஒருவாறு விளங்கும். இன்றும் வாசிக்கத்தக்க நிலையில் உள்ள உலகின் மிகப் பழைய ஓர்கன்களுள் இஃதொன்று.

1530ஆம் ஆண்டு பெப்புருவரி 24ஆம் நாள், இதே ஆலயத்தில், ஐந்தாம் சாள்ஸ் என்பவருக்கு ஏழாம் கிளமெந்துப் பாப்பரசர் பேரரசுமுடி சூட்டினார். அப்பொழுது ஓர்கனுக்கு வயது ஐம்பத்தைந்து. மறு ஆண்டு, அதாவது 1531இல், பிரெசியாவைச் சேர்ந்த ஜொவான்னி பத்தீஸ்தா பக்கெத்தி என்ற மற்றொரு தலைசிறந்த கைவினைஞர் அதனைத் திருத்தியமைத்தார். காலத்தின் இசை மாறியிருந்தது. கருவியும் சிறிது மாறிற்று. ஆயினும், அவர் லொரென்சோவின் குழல்களை உருக்கி எறிந்துவிடவில்லை. ஈயமும் வெள்ளீயமும் விலையுயர்ந்த பொருள்கள். அவற்றை உருக்கிப் புதிய குழல் வார்ப்பது அக்காலத்தில் எளிதான காரியம். அங்ஙனமிருந்தும் பழைய குழல்கள் நின்றன.

1596ஆம் ஆண்டில் பல்தசாரே மலமீனி என்பவர் பலிபீடத்தின் மறுபக்கத்திலே இரண்டாவது ஓர்கன் ஒன்றை நிறுவினார். இவ்வாறு இரண்டு கருவிகள் நேருக்கு நேர் நின்றமையால், அவ்வாலயத்தில் ஒரு தனி இசை மரபே வளர்ந்தது. இரு பக்கமும் இரு பாடற் குழுவினர் நிற்பர். ஒரு பக்கம் கேட்க, மறுபக்கம் விடை சொல்லும். 1674 முதல் 1695 வரை அங்கே இசைத் தலைவராக இருந்த ஜொவான்னி பாவுலோ கொலொன்னா, 1696 முதல் 1756 வரை அறுபது ஆண்டுகள் அப்பதவியை வகித்த ஜாக்கொமோ அந்தோனியோ பெர்த்தி ஆகியோர் இத்தகைய இசையை மிகுதியாக இயற்றினர். கொலொன்னாவின் தந்தையாரே ஓர்கன் செய்பவர் என்பதும் இங்கு நினைவுகூரத்தக்கது.

நேயர்களே, பழைய ஓர்கன்கள் பெரும்பாலும் போரினாலோ நெருப்பினாலோ அழிந்தன என்று நாம் எண்ணக்கூடும். அவற்றாலும் அழிவு நேர்ந்தது உண்மையே. பேராலயத்தின் அயலிலுள்ள ஆர்க்கிஜின்னாசியோ என்னும் பழைய பல்கலைக்கழகக் கட்டடம் 1944ஆம் ஆண்டு சனவரி 29ஆம் நாள் குண்டுவீச்சிற் சிதைந்தது. அங்கிருந்த புகழ்மிக்க உடற்கூற்றியல் மண்டபம் தரைமட்டமாயிற்று. அவ்வளவு அண்மையில் அழிவு வந்து போனது. ஆயினும், ஓர்கன்களைப் பெருந்தொகையாக அழித்தது போரன்று. அவற்றை மேம்படுத்த வேண்டும் என்ற நல்லெண்ணமே.

19ஆம் நூற்றாண்டில் இத்தாலியர் இசைநாடகத்தில் மூழ்கியிருந்தனர். ஆலயத்து ஓர்கனும் அரங்கத்து வாத்தியக் குழுவைப்போல ஒலிக்க வேண்டுமென்று விரும்பி, முரசுகளையும் மணிகளையும் கடுங்குரற் குழல்களையும் அதிற் பூட்டினர். பின்னர், ஆலய இசையைத் தூய்மை செய்ய வேண்டுமென்ற இயக்கம் எழுந்தது. 1903ஆம் ஆண்டில் பத்தாம் பத்திநாதர் என்னும் பாப்பரசரின் கட்டளையும் வந்தது. அரங்கத்து ஆரவாரத்தைக் களைய முற்பட்டவர்கள், அதனோடு பழைய காற்றுப்பெட்டிகளையும் கழற்றி, காற்றழுத்தத்தாலும் மின்சாரத்தாலும் இயங்கும் புதுப் பொறிகளைப் பொருத்தினர். ஒவ்வொரு தலைமுறையினரும் முன்னையோர் தெரியாமற் செய்ததைத் தாம் தெரிந்து சீர்செய்வதாகவே நம்பினர். அந்த நம்பிக்கையினாற் போன குழல்களுக்குக் கணக்கில்லை. என் பாடசாலை ஆர்மோனியத்தின் நாக்குகளும் அவ்வழியே போனவைதாம்.

20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இந்நிலை மாறத் தொடங்கியது. பிரெசியாவில், புனித சூசையப்பர் ஆலயத்தில் 1581ஆம் ஆண்டு கிராசியாதியோ அந்தெஞாத்தி செய்த ஓர்கன், 1956ஆம் ஆண்டளவில் மீட்டெடுக்கப்பட்டது. பழைய கருவியைப் புதிய கருவியாக்காமல் பழைய கருவியாகவே பேச வைக்கலாம் என்பதற்கு அது கண்கண்ட சான்றாயிற்று. 1960ஆம் ஆண்டில், ரெனாத்தோ லுனெல்லி என்ற மூத்த ஆராய்ச்சியாளரும், பொலோஞாவைச் சேர்ந்த லூயிஜி பெர்தினாந்தோ தல்யவீனி என்ற இளைஞரும் சேர்ந்து, ஓர்கனைப் பற்றி மட்டுமே ஆராயும் சஞ்சிகை ஒன்றைத் தொடங்கினர். தல்யவீனி 1929ஆம் ஆண்டிற் பிறந்தவர். தாமே ஓர்கன் வாசிப்பவர். பாரிசில் மார்செல் துய்ப்பிரே என்ற பேராசானிடம் பயின்றவர். பழைய ஏடுகளையும் படிப்பார். பழைய குழல்களையும் கையாற் பிடித்துப் பார்ப்பார்.

1964ஆம் ஆண்டிலே வெனிசு நகரிற் கூடிய அறிஞர்கள், பழஞ் சின்னங்களைப் பாதுகாப்பது பற்றி ஒரு பட்டயம் வகுத்தனர். அதன் இரண்டு கருத்துகள் எமக்கு இங்கே வேண்டியவை. ஒன்று: சான்று முடிந்து ஊகம் தொடங்கும் இடத்தில், மீட்பு வேலையை நிறுத்திவிட வேண்டும். மற்றொன்று: ஒரு சின்னத்திற் பல காலத்தவரின் கை பட்டிருக்குமாயின், அவற்றுட் தகுதியுள்ள யாவற்றையும் மதிக்க வேண்டும், ஒரே காலத்துத் தோற்றத்தை வலிந்து வருவிப்பது நோக்கமாகாது. கட்டடங்களுக்காக எழுதப்பட்டவையாயினும், இவை இசைக்கருவிக்கும் நன்கு பொருந்தும்.

இப்பின்னணியில்தான் சான் பெத்ரோனியோ ஆலயத்து இரண்டு ஓர்கன்களையும் மீட்கும் வேலை 1974ஆம் ஆண்டு தொடங்கி 1982ஆம் ஆண்டு வரை நடைபெற்றது. தல்யவீனியும், பழைய ஆவணங்களிற் பெரும் புலமை வாய்ந்த ஒஸ்கார் மிஸ்கியாத்தியும் வழிநடத்தினர். கைவேலையைக் கிரேமா நகரத்துத் தம்புரீனி நிறுவனம் ஏற்றது. இந்நிறுவனமே 1948ஆம் ஆண்டில் மெசீனா நகரப் பேராலயத்துக்கு ஏறத்தாழ 16,000 குழல்கள் கொண்ட மின்னியக்க ஓர்கனை அமைத்தது என்பதையும் சொல்ல வேண்டும். அத்தகைய பிரமாண்டத்தைப் படைத்த பட்டறையினரே, லொரென்சோவின் குழல்களுக்கு முன்னே எதனையும் புதிதாகப் படைக்காமல் அடங்கி வேலை செய்தனர்.

எட்டு ஆண்டுகள் ஏன் என்று நீங்கள் கேட்கலாம். ஓர்கனை மீட்கும் வேலை எவ்வாறு நடைபெறும் என்று அறிந்தால், அந்தக் காலம் நீண்டதாகத் தோன்றாது. முதலிற் கோயிற் கணக்கேடுகளைப் படிக்க வேண்டும். யாருக்கு, எந்த ஆண்டில், எந்த வேலைக்குக் கூலி கொடுக்கப்பட்டது என்ற குறிப்புகளே கருவியின் பிறப்புச் சாட்சிப் பத்திரம். பின்பு குழல்களை ஒவ்வொன்றாக இறக்கி, இலக்கமிட்டு, நீளம், விட்டம், உலோகத்தின் தடிப்பு, வாயின் அகலம் யாவற்றையும் அளந்து எழுத வேண்டும். பழைய கைவினைஞர் குழலின் உடலிற் கூரிய ஊசியால் எழுத்துகளைக் கீறி வைப்பது வழக்கம். அக்கீறல்களின் கையெழுத்தைக் கொண்டே, இது மூத்தவர் செய்த குழல், இது பின்னையவர் சேர்த்தது என்று பிரித்தறிவர்.

அதன் பின்னரே கை வைப்பார்கள். நசுங்கிய குழலினுள் அதன் அளவுக்கேற்ற உருளையைச் செலுத்தி, மெல்ல மெல்லத் தட்டி நிமிர்த்துவர். சுருதியை உயர்த்துவதற்காக முன்னொருவர் குழலின் தலையை வெட்டியிருப்பாராயின், அதே வகை உலோகத் துண்டை ஒட்டி நீளத்தை மீளக் கொடுப்பர். துருத்திக்குப் புதுத் தோல் போடுவர். வண்டரித்த மரத்தை உறுதியாக்குவர். ஆனால் ஓரிடத்தில் மட்டும் கை வைக்க அஞ்சுவர். குழலின் வாய்தான் அந்த இடம். அங்கே காற்று வெளிவரும் மெல்லிய பிளவைச் சிறிதளவு அகட்டினாலும் குழலின் பேச்சே மாறிவிடும். மாறிய பின், முன்பு எப்படிப் பேசிற்று என்று சொல்லக்கூடியவர் உலகில் ஒருவரும் இரார். ஆர்மோனியத்தின் நாக்கைக் கழற்றியெறிந்தால் நேர்வதும் இதுவே.

இனி, இத்தகைய வேலையின் மிகக் கடினமான கேள்விக்கு வருவோம். எந்த ஆண்டுக்குத் திரும்புவது? 1475ஆம் ஆண்டுக்கா? அங்ஙனமாயின், 1531இல் பக்கெத்தி செய்தவற்றை அகற்ற வேண்டும். அகற்றினால், அவ்விடத்தில் லொரென்சோ வைத்திருந்தது என்ன என்பதை ஊகித்துப் புதிதாகச் செய்ய வேண்டும். நானூற்றைம்பது ஆண்டு பழைய உண்மைப் பொருளை எறிந்துவிட்டு, ஐந்நூறு ஆண்டு பழையதுபோற் காட்சி தரும் புதுப்பொருளை வைப்பதாக அது முடியும். பொலோஞாவிற் பணியாற்றியோர் அவ்வழியிற் செல்லவில்லை. 1475ஆம் ஆண்டைக் கற்பனையாற் கட்டியெழுப்ப அவர்கள் முற்படவில்லை. லொரென்சோவின் குழல்களும், 16ஆம் நூற்றாண்டிற் சேர்ந்த வேலையும் ஒன்றாகவே நிற்க விடப்பட்டன. ஓர்கனைச் சுற்றி 17ஆம் நூற்றாண்டில் எழுப்பிய மரவேலைப்பாடும் அவ்வாறே நிற்கின்றது.

சிலர் இதனை ஒவ்வாமை என்பர். ஒரு கருவியில் இத்தனை காலங்கள் கலந்திருக்கலாமா என்று கேட்பர். எனக்கோ இஃது இயல்பாகவே தோன்றுகின்றது. தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்த வீட்டில் பாட்டனார் கட்டிய தூணும் இருக்கும். தந்தையார் கட்டிய விறாந்தையும் இருக்கும். விறாந்தையை இடித்தால் பாட்டனாருக்கு மதிப்புச் செய்ததாகாது.

சுருதியைப் பற்றியும் ஒரு சொல். இக்காலத்துப் பியானோவிலும் ஆர்மோனியத்திலும் பன்னிரண்டு சுரத்தானங்களும் சம இடைவெளியில் வைக்கப்பட்டுள்ளன. எந்தச் சுரத்திலிருந்து தொடங்கினும் வாசிக்கலாம் என்ற வசதிக்காக, ஒவ்வொரு சுரமும் தன் இயல்பான இடத்திலிருந்து சற்று விலகி நிற்கின்றது. இந்தச் சமச் சுருதியும் கமகத்துக்கு இடமின்மையும் காரணமாகவே, அகில இந்திய வானொலி 1940ஆம் ஆண்டு முதல் 1971ஆம் ஆண்டு வரை ஆர்மோனியத்தை ஒலிபரப்பினின்றும் விலக்கி வைத்திருந்தது. பழைய இத்தாலியர் கையாண்ட முறை வேறு. அவர்கள் பஞ்சமத்தைச் சற்றுக் குறைத்து, அதற்கு ஈடாக அந்தர காந்தாரத்தைத் தூயதாக்கினர். தம்புராவிலிருந்து தானே எழும் காந்தாரம் எதுவோ, அதுவே அவர்களுடைய காந்தாரம். இதற்கு ஒரு விலையும் உண்டு. சில சுரச் சேர்க்கைகள் மிக இனிமையாக அமையும். வேறு சில கேட்கச் சகியாதனவாகும். அவற்றுட் கொடியதை ஐரோப்பியர் "ஓநாய்" என்றே அழைத்தனர்.

மீட்பு வேலையின்போது சான் பெத்ரோனியோ ஓர்கன்கள் இப்பழைய சுருதி முறையிலேயே அமைக்கப்பட்டன. அதனால் அவற்றிலே பிற்காலத்து இசை பலவற்றை வாசிக்க முடியாது. எல்லாவற்றையும் வாசிக்கக்கூடிய கருவியாக்கியிருந்தால், அதிகம் பேர் மகிழ்ந்திருப்பர். ஆனால் கொலொன்னாவும் பெர்த்தியும் கேட்ட குரலை இன்றைய மனிதர் கேட்பதற்கு வேறு இடமில்லாமற் போயிருக்கும். வேறெங்கும் கேட்க இயலாத ஒன்றைக் காப்பதற்காக, எங்கும் கேட்கக்கூடியதை அவர்கள் விட்டுக்கொடுத்தனர்.

தல்யவீனி அதன் பின்னும் பல ஆண்டுகள் அவ்வோர்கன்களை வாசித்து வந்தார். தம் வாழ்நாளிற் சேகரித்த பழைய விசைப்பலகைக் கருவிகளையும் தம் நகருக்கே வழங்கினார். பொலோஞாவின் சான் கொலொம்பானோ என்னும் பழைய ஆலயக் கட்டடத்தில் 2010ஆம் ஆண்டு முதல் அவை மக்களின் பார்வைக்கு வைக்கப்பட்டுள்ளன. அவற்றுட் பல, கண்ணாடிக்குள் ஊமையாய்க் கிடவாமல், வாசிக்கத்தக்க நிலையிற் பேணப்படுகின்றன. 2017ஆம் ஆண்டில் அவர் காலமானார். அவர் காத்த குழல்கள் இன்றும் பாடுகின்றன.

நேயர்களே, எங்கள் பாடசாலையின் கதையையும் முடித்துவிடுகின்றேன். ஆர்மோனியத்தின் பழைய குரல் திரும்பி வரவில்லை, வரவும் முடியாது. சில ஆண்டுகளின் பின், அதே சங்கீத அறையில் இருந்த தம்புராவின் குடத்தில் வெடிப்புக் கண்டது. இம்முறை நாம் அவசரப்படவில்லை. ஆசிரியையும் நானும் உயர்தர வகுப்புப் பிள்ளைகள் சிலரும் ஒரு மாலை முழுவதும் அதனைச் சுற்றியிருந்து, ஒரு தாளிலே எழுதினோம். குடத்தின் வெடிப்பை மட்டும் அடைக்க வேண்டும். குதிரையைத் தேய்க்கக்கூடாது. பழைய மெருகைச் சுரண்டக்கூடாது. எதனைக் கழற்ற நேர்ந்தாலும் அதனை எறியாமல் எங்களிடம் திருப்பித் தர வேண்டும்.

திருத்துபவர் தாளை வாசித்துவிட்டுச் சிரித்தார். ஆயினும், சொன்னபடியே செய்தார். தம்புரா திரும்பி வந்தபோது, அதனோடு ஒரு சிறு துணிப்பையும் வந்தது. அதற்குள்ளே, தேய்ந்துபோன இரண்டு பிரடைகள் இருந்தன. ஆசிரியை அப்பையின்மேல் ஆண்டையும் மாதத்தையும் எழுதி, அலுமாரியில் வைத்துப் பூட்டினார். பின்னர் தம்புராவை மடியிற் சாய்த்து மீட்டினார். பிள்ளைகள் பேசாமல் இருந்து கேட்டார்கள்.